எதில் திறக்கும்

விற்பனைப் பெண் இரண்டு லேப்டாப்களையும் அருகருகே வைத்துத் திறந்துவிட்டாள்.

ஒன்று மேக். இன்னொன்று விண்டோஸ்.

இரண்டு திரைகளிலும் வெளிச்சம் வந்தது. வாங்க வந்தவள் எதையும் தொடவில்லை.

"எதுக்குங்க்கா யூஸ் பண்ணப் போறீங்க?"

பாட்டுக்கு மியூசிக் பண்ண, என்றாள். நடுவில் நின்றுபோகாததாக வேண்டும்.

ரெண்டுமே நிற்காது என்றாள் அந்தப் பெண்.

எங்கே போனாலும் இந்தக் கதைதான். ஒரு மாதமாக அவள் விசாரிக்காத ஆள் இல்லை. ரெக்கார்டிங் ஸ்டூடியோ வைத்திருப்பவர் மேக்தான் என்று சத்தியம் செய்தார். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர், காலம்காலமாக விண்டோஸில்தான் இருக்கிறேன், ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை என்றார். யூடியூபில் ஒருவர் போன வருஷம் தான் சொன்னதற்கு நேர் எதிராக இந்த வருஷம் சொன்னார். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது.

பழைய கம்ப்யூட்டர் ஒரு பாட்டின் நடுவில் நின்றது. பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த பாடகி கண்களை மூடிக்கொண்டு கடைசிச் சரணத்தில் இருந்தார். திரை உறைந்துபோனது அவருக்குத் தெரியாது.

அவர் பாடி முடிக்கும்வரை இவள் சொல்லவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

அது அவளுடையது மட்டுமல்ல. கிருபாகரனுடையதும்தான்.

கல்லூரி மெல்லிசைக் குழுவில் பழகி, கல்யாணம் செய்துகொண்டு, போன வருஷம் பிரிந்தவர்கள் அவர்கள். பாத்திரம், புத்தகம், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் பங்கு போட்டாயிற்று. கம்ப்யூட்டரை மட்டும் பங்கு போட முடியவில்லை. விளம்பரப் பாட்டு, குறும்படம் என்று இருவர் பெயருக்கும் சேர்த்தே வேலை வந்துகொண்டிருந்தது. சாய்பாபா காலனியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து அதை அங்கே வைத்தார்கள்.

காலையில் அவள் போவாள். மெட்டுப் போட்டு வைத்துவிட்டு வருவாள்.

மாலையில் அவன் போவான்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை.

மறுநாள் அவள் திறந்தால் புல்லாங்குழல் சற்றுத் தள்ளிப் போயிருக்கும். அவள் வைத்த தபலா காணாமல் போயிருக்கும். அவள் திரும்பக் கொண்டுவந்து வைப்பாள். அதற்கு மறுநாள் தபலா இருக்கும், ஆனால் சத்தம் குறைந்திருக்கும்.

ஒருநாள், அவள் பாடி வைத்திருந்த மாதிரிக் குரலுக்கு அடியில், காது கொடுத்தால் மட்டும் கேட்கிற அளவில், அவன் குரலும் இருந்தது.

அவள் அதை அழிக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

இனி ஆளுக்கொன்று வாங்கி அவரவர் வீட்டில் வைத்துக்கொள்வது என்று போனில் முடிவானது. கிருபாகரன் முந்திக்கொண்டான். மேக் வாங்கியாயிற்று என்று செய்தி அனுப்பினான். அதில் மட்டுமே ஓடுகிற ஒரு மென்பொருளின் பெயரைச் சொல்லி, இனி அதில்தான் வேலை செய்யப்போவதாகவும் எழுதியிருந்தான்.

அவளும் மேக் வாங்கினால் அவன் அனுப்பும் கோப்பு இங்கே அப்படியே திறக்கும். ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாக. நகர்த்தலாம். அழிக்கலாம். திரும்ப வைக்கலாம்.

அவள் கை பழகியது விண்டோஸில். அதையே வாங்கினால், அவன் முடித்து அனுப்புகிற பாட்டுதான் வந்து சேரும்.

கேட்கலாம். அவ்வளவுதான்.

அவளை ஒரு வார்த்தை கேட்காமல் ஏன் வாங்கினான்? உன் வேலை உனக்கு, என் வேலை எனக்கு என்கிறானா? நீயும் இந்தப் பக்கம் வா என்கிறானா?

நேற்றுப் போனில் கேட்டுப் பார்த்தாள். நேராகக் கேட்க வரவில்லை. நான் எதை வாங்கட்டும் என்று மட்டும் கேட்டாள்.

"உனக்கு எது சரிப்படுதோ அத வாங்கு" என்றான்.

குடும்ப நீதிமன்றத்து வராந்தாவிலும் இப்படித்தான் சொன்னான். உனக்கு எது சரிப்படுதோ அதச் செய். அவள் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள். போ என்று சொன்னானா, போகாதே என்று சொல்ல வாய் வராமல் அப்படிச் சொன்னானா, அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

விற்பனைப் பெண் வேறு ஒருவரைக் கவனித்துவிட்டுத் திரும்பி வந்தாள். "எதுக்குப் பில் போடட்டுங்க்கா?"

அவள் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.

கிருபாகரன் உடனே எடுத்தான். காந்திபுரத்தில் ஒரு கடையில் நிற்பதாகச் சொன்னாள். கடையின் பெயரைச் சொன்னாள். இரண்டும் எதிரில் இருப்பதாகச் சொன்னாள்.

"எனக்கு எது சரின்னு எனக்குத் தெரியல, கிருபா. நீ சொல்லு. நான் எத வாங்கணும்னு நீ நெனைக்கிறே?"

அவன் இருந்த இடத்தில் ஏதோ ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"நான் இன்னும் பெட்டியவே பிரிக்கல" என்றான்.

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. வாங்கி எத்தனையோ நாளாயிற்றே. ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டாள்.

"பிரிச்சிட்டா மாத்தித் தர மாட்டாங்க. நீ எத வாங்கறேன்னு பாத்துட்டு..."

கவுண்டருக்கு முன்னால் ஒரு ஸ்டூல் கிடந்தது. அவள் அதில் உட்கார்ந்தாள். எதை வாங்குவது என்பது முன்னைவிட இப்போது இன்னும் குழப்பமாக இருந்தது. அவனுக்கும் அப்படித்தான் இருக்கும்போல. போனில் அவன் வண்டிச் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது.

"எத்தனாவது மாடி?"

"ரெண்டாவது" என்றாள். "லிஃப்ட் வேலை செய்யல. படியேறித்தான் வரணும்."