இருபது ரோல் பிலிம்

"பிலிம் பிலிம்தான்! மெஷினோட ஒரே பெட்டியில வந்துட்டா, அதுவும் மெஷின் பார்ட் ஆயிடுமா?"

மேசையில் விழுந்த அடியில் சுங்க வரி விகிதம் போட்ட டாரிஃப் புத்தகமே ஒருமுறை துள்ளியது. சுங்கத்தில் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட் எதிரே நின்றார்; அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"மேடம், அது பேக்கிங் மெஷின். இருபது ரோலும் ஓட்டிப் பாக்கத்தான் வந்திருக்கு. பிலிம் இல்லாம மெஷின் எதைச் சுத்தும், காத்தையா?"

"கிண்டலா? மெஷினுக்கு வரி கம்மி, பிளாஸ்டிக் பிலிமுக்கு ஜாஸ்தி. தெரிஞ்சேதான் சேர்த்துக் காட்டியிருக்கீங்க. லைசென்ஸை ரத்து பண்ணிடவா?"

"ஐயோ, பதினாறு வருஷத் தொழில் மேடம்!"

"அப்போ பிலிமைத் தனியா காட்டாதது தப்புதானே?"

"தப்புதான் மேடம்." ஏஜென்ட்டின் தலை தொங்கிவிட்டது.

மேடம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மறுபடியும் ஒத்துக்கிட்டீங்களா? மூணு நாளா இதே கதை! நாளைக்கு நிஜ ஆபீசர் கேட்டா என்னங்க பண்ணுவீங்க? வாங்க, சாப்பிட்டுட்டு இன்னொரு தடவை ஒத்திகை பாக்கலாம்."

தெருவோ, அந்த வீட்டில் மூன்று நாளாக சுங்க ரெய்டு என்றே நம்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் விசாரணையில் ஆபீசர் "உட்காருங்க" என்று மட்டும்தான் சொன்னார்.

"தப்புதான் மேடம்" என்றார் நம்மவர். ஆபீசருக்கு முறுக்கு மீசை என்பது வேறு விஷயம்.

லைசென்ஸ் போயிற்று. அடுத்த வருடமே மனைவி பரீட்சை எழுதித் தன் பெயரில் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துக் குடிபோய்விட்டார்கள். ஃபைலை அவர்தான் சுமக்கிறாராம். ஆபீஸ் வாசல் வரைக்கும் மட்டும்.