கோணல் கம்பளம்

சீமாட்டி மாலை நடை முடிந்து வந்தபோது, படிப்பறைக் கம்பளம் இன்றைக்கும் கோணலாகத்தான் கிடந்தது. பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

"எத்தனை தடவை சொல்றது? சுவரோட சேர்த்து நேரா போடுன்னு!"

"பெருக்கும்போது நகந்துடுதும்மா" என்றாள் வேலைக்காரம்மா.

"தினமும் ஒரே பக்கமாவா நகரும்?"

வேலைக்காரம்மா ஏற்கெனவே துடைத்த சன்னலையே மறுபடி துடைத்தாள்.

கோணலாக எதைப் பார்த்தாலும் தலைவலி வருகிற பரம்பரை அது. கம்பளத்தைத் தானே இழுத்து நேராக்கிய சீமாட்டிக்கு, திடீரென்று ஒரு சந்தேகம் தட்டியது. ஒருவேளை இவள் துப்பறிகிறாளோ?

மூன்று மாதத்துக்கு முன்புதான் சீமாட்டி இஸ்லாத்தைத் தழுவியிருந்தாள். அப்பா காலமான பிறகு இருபது வருடம் பெருக்க வரும் வேலைக்காரம்மாவைத் தவிர யாரும் எட்டிப் பார்க்காத இந்த அறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, இந்தக் கம்பளத்தின் மேல்தான் தொழுகை. போன வாரம் தம்பியிடம் சொன்னாள். "குடும்ப மானமே போச்சு" என்று குதித்துவிட்டுப் போனவன் போனவன்தான். அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள்.

வேலைக்காரம்மாவும் போய்விட்டால்? ஐம்பது வயதாகியும் சீமாட்டிக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. அது கூடப் பரவாயில்லை, 'சின்னம்மா' என்று கூப்பிட உலகத்தில் வேறு ஆள் கிடையாது. ஆனால் இவளோ, இந்த வீட்டில் வேலை செய்கிறவர்கள் குடும்பத்தின் மதத்திலேயே இருக்க வேண்டும் என்ற அப்பாவின் சட்டத்தை, புதிதாக வரும் ஆட்களிடமெல்லாம் ஓர் எழுத்து விடாமல் ஒப்பிக்கிறவள்.

மென்று விழுங்கி மாளவில்லை. சொல்லியே விட்டாள்.

"நான் முஸ்லிமாயிட்டேன்."

வேலைக்காரம்மாவின் கையிலிருந்த துணி நழுவியது. கண்கள் குளமாயின.

"அழாதே. வேலையை விட்டுப் போறேன்னு மட்டும் சொல்லிடாதே! அப்பா போட்ட சட்டமெல்லாம் இன்னையோட சரி. இனிமே அவங்கவங்க மதம் அவங்கவங்க இஷ்டம்."

"நிஜமாவா சின்னம்மா?"

"சத்தியமா."

வேலைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குனிந்து கம்பளத்தின் முனையைப் பிடித்து இழுத்து, பழைய கோணலுக்கே திருப்பிப் போட்டாள்.

"காபா இந்தப் பக்கம் சின்னம்மா. இருபது வருஷமா நான் இப்படிப் போட்டுத்தான் தொழறேன்."