பிளவின் மேல் பாலம்

இரவெல்லாம் கல்லாக இறுகியிருந்த பனி, வெயில் ஏற ஏற இளக ஆரம்பித்திருந்தது. பனியாற்றைக் குறுக்கே பிளந்திருந்த பள்ளத்தைக் கடக்க இந்தக் குளிர்காலத்தில் புதிதாய் உறைந்த ஒரே ஒரு பனிப்பாலம்தான் இருந்தது. சென்ற வசந்தத்தில் செங்கொடியின் அண்ணனோடு மலையேறிய பரிதி இந்த இடத்திலிருந்துதான் தனியாகத் திரும்பி வந்தார். கயிறு அறுந்துவிட்டது என்றார். அறுந்த கயிற்றை யாரும் பார்க்கவில்லை. அண்ணன் விழுந்த இடத்தைப் பார்த்துவிட வேண்டுமென்றுதான் செங்கொடி இன்று அவரோடு ஒரே கயிற்றில் பிணைந்து மலையேறியிருந்தாள்.

“நீ முன்னால போம்மா, எடை கம்மி. நான் கயித்தப் பிடிச்சுக்கறேன்” என்றார் பரிதி.

“அன்னைக்கு யாரு முன்னால போனது?”

அவர் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான்தான். திரும்பற வழியில உங்கண்ணன் பின்னால வரும்போது பாலம் உடைஞ்சுது.”

செங்கொடி கைக்கோலைப் பனியில் குத்தினாள். அது கைப்பிடிவரை இறங்கியது.

“அப்ப இன்னைக்கும் நீங்களே போங்க.”

அவர் காலில் மாட்டியிருந்த சறுக்குமட்டைகளைப் பாலத்தின்மேல் வைத்து மெல்ல நகர்ந்தார். பாதி தூரத்தில் நின்று திரும்பினார். அவள் கைகளையே வெகுநேரம் பார்த்தார். செங்கொடியும் குனிந்து பார்த்தாள். கயிறு அவள் கையில் இல்லை, காலடியில் தளர்ந்து கிடந்தது.