ஈர மணலில் ஒரு தேர்தல்

காஸ்பர் மாஸ்டர் அந்த வெயிலிலும் புதுக் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு கடற்கரைக்கு வந்திருந்தார்.

சுதந்திரம் வந்த பிறகு முதல் தடவையாகச் சீமைக்குக் கப்பலேறப் போகும் இந்தியக் கால்பந்து அணி. அதற்கு மேனேஜர் யார் என்று இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் அவர் கோட்டு தைத்துவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவன் காலையும் மடியில் வாங்கித் துணி சுற்றிவிடுபவர் அவர். நம் ஆட்கள் ஆடுவது வெறுங்காலில்தான். பூட்ஸ் என்றால் அந்தத் துணிதான் பூட்ஸ். ஆனால் அணி வெளியூர் போகும்போதெல்லாம் மாஸ்டர் சென்ட்ரல் ஸ்டேஷனோடு நின்றுவிடுவார். டிக்கெட் வேறு யாருக்காவது வாங்கியிருப்பார்கள்.

அவருக்குப் போட்டியாக வடிவேலு. தியாகராய நகரில் லாரி கம்பெனி வைத்திருப்பவர். இங்கிலீஷ் தெரியும். கப்பலில் போய் வந்தவர். நல்ல மனிதரும்கூட.

கமிட்டி சரிபாதியாகப் பிரிந்து நின்றது. ஆட்டக்காரர்களையே கேட்டுவிடலாம் என்றார் தலைவர் கரீமுல்லா சாயபு. ஆனால் சீட்டில் எழுதச் சொன்னால் எழுத்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். வங்காளத்தான் வங்காளத்தில் எழுதுவான், மலையாளத்தான் மலையாளத்தில்.

மயிலாப்பூரில் மாலை வகுப்பில் சுருக்கெழுத்துப் படிப்பவன் நான். கமிட்டி பேசுவதைக் குறித்துக்கொள்ள அண்மையில்தான் சேர்த்துக்கொண்டார்கள். யாரும் கேட்காமலே வாயைத் திறந்தேன்.

அலை வழித்துவிட்டுப் போன மணலில் இரண்டு கம்பு நடலாம். எல்லோரும் கரையில் கிடக்கும் படகுக்குப் பின்னால் முதுகைக் காட்டி உட்காரட்டும். ஒவ்வொருவனாகப் போய், தனக்கு வேண்டியவர் கம்பு வரை நடந்து, அப்படியே தண்ணீரில் இறங்கிச் சுற்றி வரட்டும். பிறகு தடங்களை எண்ணிக்கொள்ளலாம்.

"கால்தானே ஆடுது? காலே சொல்லட்டும்," என்றார் சாயபு.

ஒரு பானையும் கறுப்பு வெள்ளைக் கூழாங்கற்களும் போதுமே என்று எனக்குப் பிறகுதான் தோன்றியது.

படகு நிழலில் உட்கார்ந்திருந்தபோது பாதித் தூக்கத்தில் இருப்பது போலிருந்தது. சாந்தோம் கோயில் கோபுரம் உப்புப் புகையில் கரைந்து, திரும்ப வந்து, மறுபடி கரைந்தது. ஒருவன் எழுந்து போவான். அலைச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு நனைந்த கணுக்காலோடு திரும்புவான், எங்கோ தூர தேசம் போய் வந்தவனைப் போல.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாஸ்டர் கைக்குட்டையை வாயில் வைத்து, இருமலைக் கோட்டுக்குள்ளேயே அமுக்கிக்கொண்டார்.

கடைசி ஆளும் திரும்பிய பிறகு எல்லோரும் எழுந்து போனோம்.

"என் கம்பாண்ட நண்டு போயிருந்தாலும் சேத்துக்கோப்பா. ஓட்டு ஓட்டுதான்," என்றார் வடிவேலு.

சிரித்துக்கொண்டே எண்ணினோம். இரண்டு பக்கமும் சமம். ஒரு தடம் மட்டும் பாக்கி.

அது மாஸ்டரின் கம்புக்கு நேராகப் போயிருந்தது. அங்கே வெகுநேரம் நின்றிருந்தது. குதிகால் பள்ளத்தில் தண்ணீர் ஊறியிருந்தது. பிறகு திரும்பி, குறுக்கே நடந்து, வடிவேலுவின் கம்பில் போய் முடிந்திருந்தது.

இப்படியும் ஒருவன் நடப்பான் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

முதலில் போன இடம்தான் மனசு என்றார் ஒருவர். முடிந்த இடம்தான் ஓட்டு என்றார் இன்னொருவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நடந்தவனையே கேட்கலாம் என்றால், யாரென்று தெரியவே கூடாது என்று சொன்னவனும் நான்தான்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். அந்தத் தடத்தை மிதிக்காமல், அதன் பக்கத்திலேயே, தன் கம்பிலிருந்து அடுத்த கம்பு வரை மெல்ல நடந்தார். யாரோ ஒருவரோடு கூடவே நடப்பது போல நடந்தார்.

"போய்ச் சேந்த எடந்தான் கணக்கு. எழுதிக்கோ தம்பி," என்றார்.

அவ்வளவுதான். வடிவேலு மேனேஜர் ஆனார். சாயபு அவரைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் பேசிக்கொண்டே சாலைப் பக்கம் நகர்ந்தார்கள். நான் கம்புகளைப் பிடுங்கப் பின்தங்கினேன்.

மாஸ்டர் மணலில் உட்கார்ந்தார். கோட்டுப் பையிலிருந்து துணிச் சுருளை எடுத்தார். பின்வரிசையில் ஆடும் ஆம்ப்ரோஸ் இன்னும் படகோரத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

"இன்னாடா, குதிகால் வெடிச்சிக்கீது, சொல்லவேயில்ல? வா இங்க."

அவன் பாதத்தின் அடியை அன்று யாரும் பார்த்திருக்க முடியாது.

நான் திரும்பிப் போய் அந்தத் தடத்தைக் குனிந்து பார்த்தேன். குதிகால் பள்ளத்தின் குறுக்கே, நகத்தால் கீறியது போல ஒரு கோடு.

எழுத்து காட்டிக்கொடுக்கும் என்று பயந்தோம். இத்தனை காலமாக இந்தக் கால்களை மடியில் வாங்கியவருக்கு, இங்கே எந்தத் தடம் யாருடையது என்று தெரியாமல் இருந்திருக்குமா?

ஆம்ப்ரோஸ் வந்து எதிரே உட்கார்ந்தான். ஈரமும் மணலுமாக இருந்த அவன் காலைத் தூக்கிப் புதுக் கோட்டின் மேலேயே வைத்துக்கொண்டார் மாஸ்டர்.

"வடிவேலுக்குக் கட்டத் தெரியாது. எப்டி சுத்தறேன்னு பாத்துக்கோ."

ஆம்ப்ரோஸ் துணியைப் பார்க்கவில்லை.

"அப்பா, அந்தக் குளுர உன் நெஞ்சு தாங்காது," என்றான்.

அதுவரை பயிற்சி முகாமில், மற்றவர்களைப் போல அவனும் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டுத்தான் கேட்டிருக்கிறேன்.