பத்தாம் பக்கத்துத் திருடன்

நூலகத்தின் சிறுவர் பிரிவிலிருந்த நாற்பது பழைய மர்ம நாவல்களுக்கு மதிப்பெண் போட, ஓய்வுபெற்ற நீதிபதியம்மாவைக் கூப்பிட்டது தன் முட்டாள்தனம்தான் என்று நூலகர் நொந்துகொண்டார். பத்துக்கு ஐந்து மதிப்பெண்ணாவது வாங்காத புத்தகம் பழைய பேப்பர் எடைக்குப் போய்விடும். அம்மா இதுவரை போட்டதெல்லாம் பூஜ்யம். இது நாற்பதாவது.

“இதுக்கும் பூஜ்யமா, மேடம்?”

“பத்தாம் பக்கத்துலயே சமையல்காரன்தான் திருடன்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் என்ன மர்மம்?”

“எல்லாத்துக்கும் இதையேதான் சொல்றீங்க.”

“எல்லாத்துலயும் சரியாத்தானே கண்டுபிடிச்சேன்? முப்பது வருஷம் கோர்ட்டுல உக்காந்தவ நான்.”

நூலகருக்குப் பொறுமை போய்விட்டது. புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். கொஞ்சநேரம் பார்த்தார்.

“உங்க மெம்பர் நம்பர் என்ன, மேடம்?”

“நூத்திப் பன்னெண்டு. எட்டு வயசுல இங்க சேர்ந்தப்ப குடுத்தது.”

நூலகர் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினார். இரவல் வாங்கியவர்களின் எண்களைக் குறிக்கும் பழுப்பேறிய சீட்டில், 112 என்று ஒன்பது தடவை இருந்தது.

“மத்த முப்பத்தொம்பதையும் திறக்கட்டுமா?”

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பட்டியலை இழுத்து, கடைசிப் பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு 1 போட்டார்.

“ஆனாலும், அந்தச் சமையல்காரன் முழி முதல்லயே சரியில்லை” என்றார்.