ஊருக்கு ஒரு பிள்ளை

வளரும் பிள்ளைகளைப் பற்றிய உலக ஆய்வில் எந்த ஊரும் விடுபடக் கூடாது என்று இப்போது ஊருக்கு ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எங்கள் ஊருக்கு என் பதினான்கு வயது மகள் ஜெபக்கனி. அது எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். ஆய்வுக்காரர்கள் அவள் கையில் கட்டிய பட்டை தினமும் ஏதாவது கேட்கும். அவள் வெளியே போய்ப் பதில் சொல்லிவிட்டு வருவாள்.

இன்று மதியம் உப்பளத்தில் சாப்பிடும்போது, கூட வேலை பார்க்கும் புஷ்பம் அந்த ஆய்வில் எங்கள் ஊரைப் பற்றி வந்ததைப் போனில் பார்த்துச் சத்தமாக வாசித்தாள்.

"இவ்வூரின் பதினான்கு வயதுப் பெண்கள் அழுவதற்கு உப்புக் குவியலுக்குப் பின்னால் செல்கிறார்கள். தாயிடம் சொல்வதில்லை."

வாசித்துவிட்டு, "யாரு பெத்த பிள்ளைகளோ, பாவம்க்கா" என்றாள்.

நான் தூக்குச்சட்டியை மூடி வைத்தேன்.

சாயங்காலம் கடைசிக் குவியலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். பள்ளிச் சீருடையோடு ஜெபக்கனி உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஏட்டி, இங்க என்ன செய்யுத?"

"சும்மாதான். நீ எதுக்கும்மா இங்க வந்த?"

அவள் அப்பா எங்களை விட்டுப் போனதிலிருந்து தினமும் காலையில் நான் உட்கார்ந்து அழுகிற இடம் அது. இதுவரை யாரும் என்னிடம் ஏன் என்று கேட்டதில்லை.

"நானும் சும்மாதான்" என்றேன்.