ஜன்னலில் நான்கு பிரேக் கட்டைகள்

மத்தியானம் மலைப்பாதையின் கடைசி வளைவில், அவன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் சைக்கிள் சமர்த்தாக நின்றது. மாலையில் விசிலடித்தபடி வீடு வந்து சேர்ந்தான்.

மனைவி வாசலிலேயே நின்றாள். “எப்படிங்க வந்தீங்க?”

“சைக்கிள்லதான். பறந்தா வருவாங்க?”

அவள் ஜன்னலைக் காட்டினாள். பழைய பேப்பரில் நான்கு பிரேக் கட்டைகள். நேற்று சுத்தம் செய்யக் கழற்றியவன், மாட்ட மறந்திருந்தான்.

குனிந்து பார்த்தான். இரண்டு சக்கரத்திலும், துளை போட்ட வட்டமான பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் கட்டை இருக்க வேண்டிய இடம் காலி. படியில் உட்கார்ந்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடுகூடப் போகவில்லை. ஹெல்மெட்டில் ஒரு கீறல் இல்லை. அப்பாடா!

அவள் தண்ணீரை நீட்டினாள். அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் கொப்புளித்திருந்தன.

“கை என்னாச்சு?”

“தெரியல. மத்தியானம் அசந்து தூங்கினேன். முழிச்சா இப்படி.”

அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்தான். பிரேக் தட்டில் இருக்கும் அதே சின்னத் துளைகளின் வரிசை, வளைவாகச் சிவந்து பதிந்திருந்தது.

அவள் கையை ஊதிக்கொண்டே சிரித்தாள். “வந்துட்டீங்கல்ல, போதும். இனிமே மாட்டிட்டுப் போங்க. தினமுமா பிடிச்சுக்கிட்டே இருக்க முடியும்?”